வாழைமர நோட்டும் தீவுக் கணக்கும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெரியப்பா 1946ல் பினாங்கிலிருந்து களக்காட்டுக்குத் திரும்பி வந்தபோது கொண்டு வந்தது. சண்டைக்கு முன் அங்கே ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். திரும்பி வந்தபோது பெட்டியும், இரண்டு வேட்டியும், ஒரு கட்டு நோட்டும்தான் மிச்சம்.

அந்த நோட்டைக் கண்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். பத்து டாலர் நோட்டு. நடுவில் வாழை குலை தள்ளி நிற்கும். மலேயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு அச்சடித்து விட்டது. களக்காட்டுப் பிள்ளைகளுக்கு வாழையைப் பார்க்க நோட்டு எதற்கு? வீட்டைத் தாண்டினால் தோப்புதான். ஆனாலும் ரூபாய் நோட்டில் நம் ஊர் வாழை ஏறியிருக்கிறதே என்று ஒரு பெருமை. அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடுவோம்.

பெரியப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, "கிழிச்சிராதீங்கல. இது ஒரு கட்டு இருந்தா அன்னைக்குக் கடையையே வாங்கலாம். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், மறுநாளே வெறும் தாளு" என்றார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு விளங்க இருபது வருஷம் ஆயிற்று. அது விளங்கிய இடம் மலேயா இல்லை, அந்தமான்.

தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி மத்திய அரசு வேலைக்குப் போனவன் நான். 1974ல் போர்ட் பிளேருக்குப் போட்டார்கள். வீட்டில் அம்மா அழுதாள். "கொலை பண்ணினவனத்தான் அங்க அனுப்புவாங்க, நீ என்ன பண்ணின?" என்று கேட்டாள். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மூன்று இரவு வாந்தி எடுத்து, நாலாம் நாள் பச்சை மலை தெரிந்தபோது, அட, நம் களக்காட்டு மலை கடலுக்குள் இறங்கி நிற்கிறதே என்றுதான் தோன்றியது.

நான் இருந்த அலுவலகம் எது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டுமனை, நிலம் சம்பந்தப்பட்ட மனுக்கள் எங்கள் மேஜை வழியாகவும் போகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அந்தத் தீவுகளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்கு அந்தமான் என்றால் செல்லுலார் ஜெயில் மட்டும்தான் தெரியும்.

1858ல் ஆங்கிலேயர்கள் அங்கே கைதிக் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். தண்டனைக் காலத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட கைதிக்கு நிலம் கொடுத்து, கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதிப்பார்கள். இப்படிக் கிராமங்கள் உண்டாயின. கிராமத்துக்கு ஒரு சௌத்ரி, நம் ஊர் முன்சீப் மாதிரி. பஞ்சாப்காரன் வங்காளியைக் கட்டினான், தமிழன் பீகார்க்காரியைக் கட்டினான். பிள்ளைகள் எல்லாம் பேசியது ஹிந்துஸ்தானி. 1921 கலவரத்துக்குப் பிறகு மலபார் மாப்பிள்ளைகள் வந்தார்கள். இன்றும் தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, வண்டூர் என்று ஊர்ப் பெயர்கள் உண்டு. பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தார்கள்.

1942 மார்ச் 8ல் ரங்கூன் விழுந்தது. அந்தமானில் இருந்த பட்டாளத்தை ஆங்கிலேயர்கள் கப்பலேற்றி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். மார்ச் 23ந் தேதி ஜப்பானியர் வந்து இறங்கியபோது எதிர்த்துச் சுட ஆள் இல்லை. சீஃப் கமிஷனர் வாட்டர்ஃபால் கைதியானார். மேஜர் பேர்டு என்ற அதிகாரியை ஜனங்கள் முன்னிலையில் தலையை வெட்டினார்கள். அடுத்த மூன்றரை வருஷம் ஜப்பான் ஆட்சி.

1943 டிசம்பர் 30ந் தேதி நேதாஜி போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். ஷஹீத், ஸ்வராஜ் என்று தீவுகளுக்குப் பெயர் வைத்தார். ஆசாத் ஹிந்த் அரசாங்கத்திடம் ஜப்பான் தீவுகளை ஒப்படைத்துவிட்டதாக அறிவிப்பு. நிர்வாகம் நடத்த 1944 பிப்ரவரியில் வந்தவர் நம் தமிழர், டாக்டரான லெஃப்டினன்ட் கர்னல் ஆற்காடு துரைசாமி லோகநாதன். வந்து பார்த்தால், அவர் கைக்குக் கொடுத்தது கல்வி இலாகா ஒன்றுதான். போலீஸைக் கொடு என்று கேட்டார், கொடுக்கவில்லை. போலீஸும் அரிசியும் கையில் இல்லாத கலெக்டர் என்ன கலெக்டர்? சில மாதங்களில் உடம்பும் கெட்டுத் திரும்பிப் போனார்.

கொடி ஏறிய சரியாக ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30ந் தேதி, ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 இந்தியர்களை ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, இந்திய சுதந்திரச் சங்கத்தின் அங்குள்ள தலைவரான டாக்டர் திவான் சிங் செல்லுலார் ஜெயிலில் சித்திரவதையில் செத்துப்போனார். கடைசிக் காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லை. கப்பல் வர முடியாது. 1945 ஆகஸ்டில், சண்டை முடியப் போகிற நேரத்தில், சில நூறு பேரைப் படகில் ஏற்றி, விவசாயம் செய்ய வேறு தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, கரைக்கு எட்டாமல் கடலில் தள்ளினார்கள்.

1945 அக்டோபரில், அதே ஜிம்கானா மைதானத்தில், வைஸ் அட்மிரல் ஹாரா தன் வாளைக் கொடுத்துச் சரணடைந்தார். வாங்கிக்கொண்டவர் 116வது இந்திய பிரிகேடின் தளபதி சாலமன்ஸ். பக்கத்தில் நின்றவர் புது சீஃப் கமிஷனர் பாட்டர்சன், ஐ.சி.எஸ்.

அன்று ஒரே நாளில் தீவு திரும்பி வந்துவிட்டது. சரித்திரப் புத்தகமும் இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடும். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கோ அங்கேதான் ஆரம்பம்.

பாட்டர்சன் முன்னால் இருந்த வேலையை நினைத்துப் பாருங்கள். பட்டினி கிடந்த ஜனங்களுக்கு முதலில் அரிசியும் துணியும் மருந்தும் வேண்டும். கைதிக் குடியேற்றத்தை ஒழித்துவிட்டதாக அரசாங்கம் 1945லேயே அறிவித்துவிட்டது. கைதிகள் விடுதலை, ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் திரும்பலாம். நல்ல காரியம்தான். ஆனால் தீவின் வேலையெல்லாம் கைதி உழைப்பில் நடந்தது. மரம் வெட்ட, ரோடு போட, படகு தள்ள இனி யார்? தலைமையிடமாக இருந்த ரோஸ் தீவு 1941 ஜூன் நில நடுக்கத்திலேயே ஆட்டம் கண்டது. பிறகு ஜப்பானியர் பதுங்கு குழி கட்டினார்கள். அங்கே திரும்பிப் போகாமல் அலுவலகங்கள் போர்ட் பிளேரிலேயே அமைந்தன. நான் போன காலத்தில் அபர்தீன் படகுத்துறையில் நின்று பார்த்தால், எதிரே ரோஸ் தீவில் துரைமார் பங்களாச் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும்.

ஜனத்தொகையைப் பார்த்தால் இன்னும் விளங்கும். 1941ல் அந்தமான் நிக்கோபார் இரண்டிலும் சேர்த்து 33,768 பேர். 1951ல் 30,971. செத்தவர்கள் போக, விடுதலையாகி ஊர் திரும்பியவர்களும் உண்டு. ஆள் இல்லாத கிராமங்களிலும் காடு திருத்திய இடங்களிலும் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். 1971ல் தொகை 1,15,133. அதாவது, ஜப்பான் காலத்துக் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள், தங்கள் ஊரிலேயே சின்னக் கூட்டமாகிப் போனார்கள். அவர்களை அலுவலகத்தில் "ப்ரீ ஃபார்ட்டி டூ" என்போம். 1942க்கு முந்தியவர்கள் என்று பொருள். ஒரு சண்டை வருஷம், ஒரு ஜனக்கூட்டத்துக்கு ஜாதிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இன்றும் அங்கே பிற்பட்டோர் பட்டியலில் அது ஒரு பிரிவு.

சரி, அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன்.

1975ல் ஒரு நாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை மீசை. ஹிந்தியில்தான் பேசினார். என் பெயரைக் கேட்டவர், சட்டென்று தமிழுக்கு மாறினார். உடைந்த தமிழ்.

"தம்பி எந்த ஊரு?"

"திருநெல்வேலி ஜில்லா. களக்காடு."

"எங்க அப்பா சீவைகுண்டம்" என்றார். கொஞ்சம் இருந்து, "தண்ணி தகராறு. வெட்டிட்டாரு. இங்க அனுப்பிட்டாங்க" என்றார்.

தாமிரபரணித் தண்ணீர்த் தகராறு ஒருவனை அந்தமான் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நிற்கிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை. அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த வீட்டுமனையில்தான் இன்றும் குடியிருக்கிறார். அந்தமானில் நிலம் எல்லாம் சர்க்காருடையது. நம் ஊர் மாதிரி பரம்பரைப் பட்டா கிடையாது, சர்க்கார் கொடுத்த அனுமதிதான். 1966ல் நிலச் சட்டம் வந்த பிறகு எல்லாருக்கும் முறைப்படி உரிமை எழுதும் வேலை நடந்தது. அதில் தன் பெயரை ஏற்றச் சொல்கிறார்.

மனுவைப் படித்தேன். விதிப்படி என் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினேன். "மனுதாரர் 1942க்கு முந்தைய ஆவணம் எதையும் இணைக்கவில்லை. திருப்பி அனுப்பலாம்." கையெழுத்தானது. திருப்பி அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே குறிப்பு. மூன்றாம் தடவை வந்தபோது அவர் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தக் காயிதம் இருந்தது. ரிகார்டு ரூம்ல இருந்தது. ஜப்பான்காரன் போறப்ப எரிச்சான். மூணு நாளு புகை. நான் பாத்தேன். என் தம்பியக் கடல்ல தள்ளினான். அதுக்கும் காயிதம் இல்ல. நான் இங்க உக்காந்திருக்கேன். நான் ஆவணம் இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஜப்பானியர் வெளியேறும் முன் ஏராளமான கோப்புகளைக் கொளுத்தினார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, எரிந்துபோன காகிதத்தைக் கொண்டுவா என்று மூன்று தடவை எழுதியிருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெரியப்பாவின் வாழைமர நோட்டுதான் ஞாபகம் வந்தது. ஒரு ராஜாங்கம் போனதும் இருந்த காகிதம் செல்லாததாகிவிட்டது. இங்கே காகிதமே போய்விட்டது. இரண்டிலும் நஷ்டப்பட்டது, சண்டையை ஆரம்பிக்காத மனுஷன்.

மறுநாள் எங்கள் சூப்பிரண்டிடம் போய், "சார், நம்ம ஊர்ல ஜமாபந்தி சமயத்துல, பழைய அடங்கல் கிடைக்கலேன்னா அக்கம்பக்கத்துப் பட்டாதாரர்களை வச்சு விசாரிச்சு வாக்குமூலம் வாங்குவாங்க. அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு வங்காளி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யார் பொறுப்பு?" என்றார். "குறிப்பு நான் எழுதுகிறேன்" என்றேன். "எழுது, பார்க்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கிராமத்துக்குப் போனேன். பழைய சௌத்ரி குடும்பத்து ஒருவர், பக்கத்து மனைக்காரர் ஒரு மாப்பிள்ளைக் கிழவர், ஒரு கரேன் அம்மாள். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள புளியமரத்தை இவர் அப்பா நட்டார், நில நடுக்கத்தில் சுவர் விழுந்து திரும்பக் கட்டினார்கள், ஜப்பான் காலத்தில் ரன்வே வேலைக்கு இந்த வீட்டிலிருந்துதான் ஆளைப் பிடித்துப் போனார்கள். மூன்று வாக்குமூலமும், மூன்று கைநாட்டும். கோப்பு மேலே போயிற்று. திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை காணாமல் போய்க் கிடைத்தது.

உத்தரவு வந்த அன்று பெரியவரை வரவழைத்துக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "இதுல எங்க அப்பா பேரு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. இன்னார் மகன் இன்னார் என்று. அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். "நம்பர் இல்லல்ல? பேருதான?" என்றார். பேர்தான் என்றேன். கைதிக் காலத்தில் அப்பாவுக்குக் கழுத்தில் நம்பர் பலகை இருந்ததாம். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீ வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

நிலத்துக்குக் காகிதம் வந்தது ஒரு பக்கம். ஜனங்களுக்கு வாய் எப்போது வந்தது என்பது இன்னொரு பக்கம். 1947ல் பாட்டர்சன் போய், முதல் இந்திய சீஃப் கமிஷனராக இனாமுல் மஜீத் வந்தார். 1950 அரசியல் சட்டத்தில் அந்தமான் நிக்கோபார் தனியாக 'டி' பிரிவு ராஜ்யம். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை. 1952 லோக்சபாவுக்கு நாடெல்லாம் ஓட்டுப் போட்டது, தீவுக்கு மட்டும் ஓட்டு இல்லை. ராஷ்டிரபதி நியமித்தார். நியமனம் ஆனவர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன், கார் நிக்கோபார் ஆதிவாசி. ஜப்பான் காலத்தில் ஜெயிலில் அடிபட்டு, சாவின் விளிம்பு வரை போய் வந்தவர். ஆள் தேர்வில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தமான்காரன் தானே ஓட்டுப் போட்டு டில்லிக்கு ஆள் அனுப்பியது 1967ல்தான். ஜிம்கானா மைதானத்தில் வாள் கைமாறி 22 வருஷம் கழித்து.

ரிடையர் ஆன பிறகு ஜப்பான்காரர்கள் பக்கத்துக் கதையையும் படித்தேன். நம் தீவைப் பிடித்தவர்கள் அவர்கள். அவர்கள் தீவுகளை அமெரிக்கா பிடித்துக்கொண்டது. டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1000 கிலோமீட்டரில் ஒகசவரா என்று தீவுக்கூட்டம். 1944ல் சண்டைக்காக ஏறக்குறைய 7,000 ஜனங்களை ஜப்பான் அரசாங்கமே வெளியேற்றியது. 1946ல் அமெரிக்கர்கள், வெள்ளைக்கார வம்சாவளியில் வந்த சுமார் 130 பேரை மட்டும் திரும்ப விட்டார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். 1968 ஜூன் 26ந் தேதி தீவு திரும்பக் கிடைத்தது. டோக்கியோ மாநகர நிர்வாகத்தோடு சேர்த்து ஒரு கிராமம் என்றார்கள். ஆனால் கிராமத் தலைவர் வேலையை டோக்கியோவின் அதிகாரியே பார்த்தார். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது 1979ல். அங்கே 11 வருஷம்.

ஒகினாவா 1972 மே 15ல் திரும்பியது. அன்று முதல் டாலர் போய் யென். ஆனால் வண்டிகள் அமெரிக்கப் பழக்கப்படி வலது பக்கமே ஓடின. 1978 ஜூலை 30ந் தேதிதான் ஒரே நாளில் இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். பஸ்ஸின் வாசல்கூட மாற வேண்டும் அல்லவா? கொடியை மாற்ற ஒரு கயிறு போதும். பஸ் வாசலை மாற்ற ஆறு வருஷம்.

இதைப் படித்தபோது அந்த ஒகசவராக்காரர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. 24 வருஷம் பிறந்த ஊர் மண்ணை மிதிக்காமல் காத்திருந்த கிழவர்கள் அங்கேயும் ஏதாவது ஒரு மேஜை முன்னால் நின்றிருப்பார்கள். மேஜைக்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து, "முந்தைய ஆவணம் இணைக்கவும்" என்று எழுதியிருப்பான்.

நம் ஜில்லாவிலும் ஒரு சின்ன உதாரணம் உண்டு. அந்நியப் படையெடுப்பு இல்லை, ராஜ்ய எல்லை மாற்றம்தான். 1956 நவம்பர் 1ந் தேதி திருவிதாங்கூரிலிருந்து செங்கோட்டை நம் திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது. அதே நாளில்தான் அந்தமான் நிக்கோபார் யூனியன் பிரதேசமும் ஆயிற்று. தாலுகா கச்சேரியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஹெட் கிளார்க் சொல்வார், "செங்கோட்டைக் கோப்பு வந்தா ஒரு நாள் போயிரும்வே. அவங்க 'பகுதி'ங்கான், நாம கிராமங்கோம்." எல்லைக் கல்லை ஒரு ராத்திரியில் பெயர்த்து நட்டுவிடலாம், கணக்கைப் பெயர்த்து நடுவது அப்படி இல்லை.

1978ல் எனக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. கப்பலுக்கு முந்தின நாள் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். பெரியவர் வீட்டிலிருந்து ஒரு பை புளி வந்தது, அவர் அப்பா நட்ட மரத்துப் புளி. அம்மா களக்காட்டில் அதில் குழம்பு வைத்தாள். "நம்ம புளி மாதிரிதான் இருக்கு" என்றாள். ஸ்ரீவைகுண்டத்து ஆள் நட்ட மரம்தானே, வேறு எப்படி இருக்கும்?

வாழைமர நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பேரன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லி, என் பென்ஷன் காகிதங்களோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.